கூட்டாளியைத் தேடுவதற்கு முன் கூரைமேல் ஏறிப் பாருங்கள்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறீர்கள். மழைத்துளிகளின் அளவு பற்றி முனைவர் பட்டம் முடித்திருக்கிறீர்கள். கல்வி நிறுவனங்களின் ஆய்வுக்குப் பணம் தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டத்துக்கு ஓர் ஆய்வு முன்மொழிவு அனுப்ப வேண்டும் என்று ஆசை. இணைந்து செய்ய ஆள் வேண்டுமே என்று திருவனந்தபுரம், பெங்களூரு, அகமதாபாத் என நாற்பது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினீர்கள். இரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. "பெரிய இடத்தில் யாரையும் தெரியாத எங்களைப் போன்றவர்கள் கூட்டாளியை எப்படித்தான் கண்டுபிடிப்பது, சார்?" என்று கேட்கிறீர்கள்.

குழித்துறை ஆற்றுக்கு இக்கரையில் 31 ஆண்டுகள் இதே பாடத்தை நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அரசுப் பணத்துக்கு ஐந்து முன்மொழிவுகள் எழுதினேன், மூன்று தேறின. தேறாத இரண்டில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் முன்மொழிவில் நானும் பெயரைத் தேடித்தான் அலைந்தேன். ஒரு பெரிய நிறுவனத்தில் இருந்த பேராசிரியர் கருணையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்தபோது ஒருவர் அவரைப் பார்த்து, "இந்தக் கணக்கீட்டை உங்கள் ஆய்வகத்தில் யார் செய்யப்போகிறார்கள்?" என்று கேட்டார். அவர் மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் முன்மொழிவு முடிந்துவிட்டது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரிடம் நான் கேட்டது பெயரை மட்டும்தான், அதை அவர் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்லூரிக் கூரையில் ஒரு ஜி.பி.எஸ். ரிசீவர் வைத்திருந்தோம். மாணவர்கள் செய்முறைக்காக வாங்கியது. பங்குனி மாதத்து மாலைகளில், எட்டு மணிக்கு மேல், சில செயற்கைக்கோள்களின் சமிக்ஞை திடீரென்று பள்ளத்தில் விழுந்து எழுவதைப் பார்த்தேன். சூரியன் மறைந்ததும் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) மேலே, மின்னூட்டத் துகள்கள் நிறைந்த மேல்வளிமண்டல அடுக்கான அயனிமண்டலத்தின் அடிப்பகுதியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி உயரே போகும், அவை ரேடியோ அலைகளைத் தடுமாற வைக்கும், மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது மிகுதி என்று புத்தகத்தில் படித்திருந்தேன். என் கூரையிலேயே அது கிடைத்துவிட்டது என்று தலைகால் புரியவில்லை. வரைபடத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போனேன்.

தேநீர் இடைவேளையில் அயனிமண்டல ஆய்வில் இருந்த ஒரு விஞ்ஞானியிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "சாரே, உங்கள் கட்டடத்துக்கு மேற்கே தென்னை நிற்கிறதா?" என்று கேட்டார். ஏழு தென்னை நின்றன. "முந்தின நாள் வரைபடம் இருக்கிறதா?" என்றார். அதுவும் பையில் இருந்தது. இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, மேல்தாளைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினார். ஒன்பது பள்ளங்களில் ஐந்து அப்படியே பொருந்திப்போயின.

விஷயம் இதுதான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக வானத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும். ஆகவே தென்னை மட்டையாலோ பக்கத்துச் சுவராலோ வரும் கோளாறும் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாகத் திரும்ப வரும். வானத்துக் குமிழிக்கு அப்படி ஒரு கால அட்டவணை கிடையாது. பொருந்திய ஐந்தும் தென்னை. பொருந்தாத நான்குதான் வானம். அந்த நான்கும்தான் பின்னால் எங்கள் முன்மொழிவாயின.

அவரிடம் "இணை ஆய்வாளராக இருப்பீர்களா" என்று நான் கேட்கவே இல்லை. மூன்று மாதம் வரைபடங்கள் போய்வந்துகொண்டிருந்தன. ஒருநாள் அவரே, "இதை ரெஸ்பாண்டுக்கு எழுதினால் என்ன?" என்றார்.

உங்கள் நாற்பது மின்னஞ்சல்களில் ஒன்றின் நகலை எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். உங்கள் பட்டம், கட்டுரைகளின் எண்ணிக்கை, கல்லூரியின் தரச்சான்று, பிறகு ஒரு வேண்டுகோள். தென்னை எங்கே? அதாவது, எதிராளி மூக்கை நுழைத்து "இது தப்பாயிற்றே" என்று சொல்வதற்கு ஒரு தாளாவது அதில் வேண்டாமா? விஞ்ஞானிகள் சிபாரிசுக் கடிதத்தை அலட்சியமாகத் தள்ளுவார்கள். ஆனால் பொருந்தாத ஒரு வரைபடத்தைத் தள்ள அவர்களால் முடியாது.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கருவி இல்லை என்கிறீர்கள். சரி, நீங்கள் இருக்கும் இடம் இருக்கிறதே. இந்த மூலையைத் தேடி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வகத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரௌன், காந்த அளவீடுகளுக்காக அகத்தியர் மலை உச்சியிலேயே ஒரு நிலையம் அமைத்தார். யானைக் காட்டில் கருவிகளைச் சுமந்துகொண்டு ஏறினவர்களை நினைத்தால் நம் குறைகள் சிறிதாகிவிடும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏறியதற்கும் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போனதுதான் காரணம். இன்றும் நடுக்கோட்டு மின்தாரையின் (காந்த நடுக்கோட்டை ஒட்டி அயனிமண்டலத்தில் பகலில் ஓடும் மின்னோட்டம்) வலுவைக் கணக்கிடுகிறவர்கள் திருநெல்வேலியின் காந்த அளவிலிருந்து மும்பை அருகே உள்ள அலிபாக்கின் அளவைக் கழிக்கிறார்கள். திருநெல்வேலி மின்தாரைக்கு அடியில் இருக்கிறது, அலிபாக் அதற்கு வெளியே இருக்கிறது. இரண்டு ஊர் இல்லாமல் அந்தக் கணக்கே இல்லை. உங்கள் முன்மொழிவிலும் கூட்டாளி இப்படித்தான் வரவேண்டும். அவரை எடுத்துவிட்டால் கணக்கு நிற்கக்கூடாது. அவர் இல்லாமலும் கணக்கு நடக்கும் என்றால் குழு அதை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

உங்கள் துறை மழை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே மழை தரும். பேச்சிப்பாறையில் கொட்டும் நாளில் கன்னியாகுமரி முனையில் வெயில் அடிக்கும். மலையும் கடலும் இவ்வளவு நெருக்கமாக இருந்து, இரண்டு பருவமும் பெய்கிற இடம் நாட்டில் அதிகம் இல்லை. இதை யார் கேட்டு வருவார்கள்? இங்கேதான் நீங்கள் ஒரு கதவை மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மேக இயற்பியல் என்றால் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குள் இருக்கும் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், ஆக்குளத்தில் இருக்கும் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் என்று நினைத்தீர்கள். தவறில்லை. திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகமும் இரண்டு பருவத்து மழைத்துளிகள் எப்படி வேறுபடுகின்றன என்று கட்டுரைகள் எழுதியிருக்கிறது. ஆனால் மழைத்துளியின் அளவை அறிய ஆசைப்படுகிற வேறொரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு மேகத்தைப் பற்றி அக்கறை இல்லை, தொலைத்தொடர்பு பற்றித்தான் அக்கறை.

2024 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-என்2 முழுக்க முழுக்கக் கா (Ka) அலைவரிசையில் இணைய இணைப்பு தருவதற்காகச் செய்யப்பட்டது. அந்த அலைவரிசையில் அலைநீளம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர். பெரிய மழைத்துளி நான்கு, ஐந்து மில்லிமீட்டர். அலையும் துளியும் கிட்டத்தட்ட ஒரே தரத்துக்கு வந்துவிட்டதால் நல்ல மழையில் சமிக்ஞை கரைந்துபோகும். மழைமானியில் ஒரே அளவு பதிவானாலும், சிறு துளிகளாகப் பெய்ததா பெரிய துளிகளாகப் பெய்ததா என்பதைப் பொறுத்து இழப்பு மாறும். இந்த இழப்பை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரங்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. 2014 ஜனவரியில் போன ஜிசாட்-14இல், தரையில் அளந்து பார்ப்பதற்காகவே ஒரே சீரான சமிக்ஞையை அனுப்பும் கா அலைவரிசைக் கருவிகளை (பீக்கன்) வைத்து அனுப்பியதே இந்தியாவில் மழை என்ன செய்கிறது என்று அளப்பதற்குத்தான். இந்தக் கேள்வியோடு இருப்பவர்கள் அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் இருக்கிறார்கள். நீங்கள் அங்கே எழுதியது செயற்கைக்கோள் படங்களை ஆராயும் பிரிவுக்கு. கதவு எண் மாறிவிட்டது.

ஆள் கிடைக்குமிடம் பற்றிச் சொல்கிறேன். ரெஸ்பாண்டின் பெயரில் இஸ்ரோ அவ்வப்போது ஒரு தொகுப்பு வெளியிடுகிறது. எந்தெந்தப் பிரச்சினைக்கு எந்த மையம் விடை தேடுகிறது என்று அதில் இருக்கும். பெரும்பாலோர் தங்கள் துறையின் பெயரைத் தேடி இரண்டு நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். நீங்கள் அதை ஒரு வாரம் வைத்துப் படியுங்கள். மழை என்ற சொல்லே வராத பிரச்சினைக்குள் மழை ஒளிந்திருக்கும். இத்திட்டத்தில் முதன்மை ஆய்வாளர் கல்வி நிறுவனத்தவர். இஸ்ரோ பக்கத்திலிருந்து ஒரு விஞ்ஞானி தொடர்பாளராகவோ இணை ஆய்வாளராகவோ இருப்பார். ஆகவே பட்டியலில் உள்ள பிரச்சினையை எடுத்தால் பாதிக் கூட்டாளி ஏற்கெனவே மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

அடுத்தது கட்டுரைகளின் கடைசியில் வரும் நன்றியுரை. யாரும் படிக்காத பகுதி அது. தரவு தந்தது யார், பணம் தந்தது எது, கருவியைப் பராமரித்தது யார் என்று எல்லாம் அங்கே இருக்கும். ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் பெரும்பாலும் ஆய்வு மாணவருடையது. கட்டுரை வெளிவரும்போது அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். கடைசிப் பெயர் தலைவருடையது, அவருக்கு நாள்தோறும் உங்களைப் போல் பத்துப்பேர் எழுதுவார்கள். நடுவில் மூன்றாவது, நான்காவது பெயராக ஒருவர் எல்லாக் கட்டுரைகளிலும் தொடர்ந்து வருவார் பாருங்கள், கருவியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். தரவில் எந்த நாள் கெட்டுப்போனது, ஏன் கெட்டது என்று அவருக்குத் தெரியும். அவரைப் பிடியுங்கள். என் தென்னை விஞ்ஞானியும் அப்படிப்பட்ட நான்காவது பெயர்தான்.

மற்ற வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தென்மாநிலங்களுக்கான இஸ்ரோவின் மண்டலக் கல்வி மையம் சூரத்கல் என்.ஐ.டி.யில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவும் திருச்சி என்.ஐ.டி.யில் தொழில்நுட்ப வளர்ப்பு மையமும் உள்ளன. விண்கலங்களின் தரவை ஆராய அவ்வப்போது தனி அழைப்பு வரும். ஆய்வுகளுக்குப் பணம் தந்துவந்த மத்திய அரசின் பழைய எஸ்.இ.ஆர்.பி. வாரியம் இப்போது 2023ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் போய்விட்டது. அங்கே பெரிய நிறுவனம் மையமாகவும் மற்றவை கிளைகளாகவும் சேர்ந்து விண்ணப்பிக்கும் ‘பேர்’ (PAIR) என்ற திட்டம் உண்டு. தொழில் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு விண்வெளிக்கே ஒரு கருவியை அனுப்பும் எண்ணம் வந்தால், தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அகமதாபாத்தின் இன்-ஸ்பேஸ் அமைப்பு வழியாகப் போகவேண்டும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

"சின்னக் கல்லூரிக்கு யார் தருவார்கள்" என்று நீங்கள் எழுதியதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தக்கலை அருகே குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் 2017 ஜூன் 23 அன்று பி.எஸ்.எல்.வி.-சி38இல் போனது. நீங்கள் பஸ்ஸில் தாண்டிப்போகிற ஊர்தான். திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவியர் செய்த வீசாட் 2024 ஜனவரி 1 அன்று போனது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது சேலம் கதை. சந்திரனில் ஊர்தியை ஓட்டிப் பழக இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கட்டுப்படியாகாது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தவை என்று நிலவியலாளர்கள் காட்டினார்கள். பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை அதில் கூட்டாளியாயிற்று. அவர்களிடம் ராக்கெட் இல்லை. பக்கத்துக் குன்று என்ன பாறை என்று தெரிந்திருந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நம் மாவட்டத்தில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு, குழித்துறை, தக்கலை என்று ஒவ்வொரு மழைமானியின் அளவும் நாளிதழில் மறுநாளே வந்துவிடுகிறது. இன்சாட் செயற்கைக்கோள்கள் கணித்த மழை அளவு, அகமதாபாத் மையத்தின் மோஸ்டாக் தளத்தில் பதிவு செய்தவர்களுக்குக் கிடைக்கிறது. போன ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மலையடிவாரத்தில் செயற்கைக்கோள் எந்த நாளில் எவ்வளவு தவறுகிறது என்று பாருங்கள். உங்கள் முனைவர் பட்டத் தரவிலிருந்து துளி அளவை எடுத்து, அந்த நாளில் கா அலைவரிசைக்கு எத்தனை டெசிபல் இழப்பு வந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை, தவறு இருந்தால் நல்லதுகூட. பிறகு கடிதம் எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருள் இப்படி இருக்கட்டும்:

"உங்கள் கட்டுரையின் நான்காவது படத்தில் உள்ள இழப்புக் கணக்கைக் குமரி மாவட்டத்து மழைக்குப் போட்டுப் பார்த்தேன். கடற்கரையில் பொருந்துகிறது, பேச்சிப்பாறையில் பொருந்தவில்லை. வரைபடம் இணைத்திருக்கிறேன். துளி அளவை நான் எடுத்துக்கொண்ட விதம் தவறா, அல்லது மலையடிவாரத்தில் வேறு ஏதாவது நடக்கிறதா?"

அவ்வளவுதான். பட்டம் வேண்டாம், கல்லூரியின் தரச்சான்று வேண்டாம், "தங்கள் மேலான ஒத்துழைப்பை" வேண்டவே வேண்டாம். நாற்பது பேருக்கும் அனுப்பாதீர்கள், மூன்று பேருக்கு அனுப்புங்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கே உரிய ஒரு வியாதியையும் சொல்லிவிடுகிறேன். இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன் நம் சரக்கல்விளைக்காரர், இப்போதைய தலைவர் நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். ஆகவே தெரிந்தவர் மூலம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று இங்கே பாதிப்பேர் நம்புகிறார்கள். ஒருவர் மட்டி வாழைக்குலையோடு திருவனந்தபுரம் போய் வந்த கதையும் எனக்குத் தெரியும். குலை வாசற்காவலைத் தாண்டவில்லை. மாநில எல்லையைப் பற்றிய தயக்கமும் தேவையற்றது. ரெஸ்பாண்ட் மத்திய அரசின் பணம், களியக்காவிளையில் அதற்குச் சோதனைச்சாவடி கிடையாது.

கூட்டாளி கிடைத்த பிறகுதான் உண்மையான தலைவலி. என் இரண்டாவது திட்டத்தில் இன்னொரு கல்லூரியைச் சேர்த்திருந்தேன். கருவியில் ஒரு பகுதி அவர்கள் பெயரில் வாங்கப்பட்டது. ஆண்டு முடிவில் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் அவர்களிடமிருந்து வரவில்லை. கேட்டால் தணிக்கையாளர் ஊரில் இல்லை, நிதியாளர் விடுப்பில் இருக்கிறார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். சான்றிதழ் இல்லாமல் இரண்டாம் ஆண்டுத் தவணை வராது. எட்டு மாதம் பணம் நின்றது. எங்களிடம் இளநிலை ஆய்வாளராக இருந்த பையன் தன் வீட்டுக்கு என்ன சொல்வான்? ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துவிட்டான். நல்ல கை அவனுக்கு. இன்றைக்கு அந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், அது நின்றால் ஆள் நிற்கமாட்டார்.

அதனால் முன்மொழிவு போவதற்கு முன்பே கூட்டாளியோடு உட்கார்ந்து சங்கடமான விஷயங்களைப் பேசிவிடுங்கள். எந்த மாதத்தில் எந்த வேலை யாருடையது, கருவி யார் வளாகத்தில் நிற்கும், திட்டம் முடிந்தபின் யாரிடம் இருக்கும், தரவை வெளியே கொடுக்க யார் சம்மதம் வேண்டும், கட்டுரையில் மாணவர் பெயர் எங்கே வரும் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கூடுமானால் பணத்தை ஒரே நிறுவனத்தின் கணக்கில் வையுங்கள். கூட்டாளிக்கு வேலையும் பெயரும் கொடுங்கள், தனி வரவு செலவு கொடுக்காதீர்கள். இது கஞ்சத்தனமாகத் தெரியலாம், ஆனால் பட்டவன் சொல்கிறேன். அவர் நிறுவனத்தின் சம்மதக் கடிதம் கடைசி வாரத்தில் வராது. துறைத்தலைவர், டீன், பதிவாளர் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும், ஒரு மாதம் முன்னதாகவே கேளுங்கள். உங்கள் முதல்வரின் கையெழுத்தும் அப்படித்தான்.

பதில் வந்து, நேரில் வரச்சொன்னால், அனுமதிச் சீட்டுக்கு உங்கள் விவரங்களை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். காலை ரயிலில் குழித்துறையில் ஏறிக் கொச்சுவேளியில் இறங்கினால் தும்பா பக்கம்தான். அந்த நிலையத்துக்கு இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர். பென் டிரைவை நம்பிப் போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள். வரைபடங்களைத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த நாள்களுக்கானவற்றையும் சேர்த்து. மெல்லிய தாளாக இருக்கட்டும், ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று தெரியவேண்டும்.